சாமிப் பொட்டும் மைக் செட்டும்

சோமனூர்,
சித்திரை மாதம், வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய நங்கையா சுப்பாத்தாள் அவர்களுக்கு, உங்கள் தம்பி வீட்டுக்காரி சாந்தாமணி கும்பிட்டு எழுதும் கடிதம்.

மாரியாத்தாள் கருணையால் இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, காதைத் தவிர. வால்பாறைக் குளிர், அட்டைக் கடி, உங்கள் முழங்கால் இவை மூன்றும் எந்த நிலையில் இருக்கின்றன என்று பதில் எழுதவும். உங்களுக்கென்று போட்ட மாவடு ஜாடியில் ஊறுகிறது. மலை ஏறும் ஆள் கிடைத்தால் கொடுத்து அனுப்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் பாதியில் சிரித்துவிடுவீர்கள், நான் அழுதுவிடுவேன், சங்கதி முடிவுக்கு வராது.

மாரியாத்தாள் கோயில் நோம்பிக்குப் புது மைக் செட்டு எப்படி இருந்தது என்று கேட்டிருந்தீர்கள். அதைச் சொல்வதற்கு முன் போன வருஷத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினை அங்கேதான் ஆரம்பம். மாவிளக்கு அன்றைக்கு நம் பஜனைக் குழு பாடும்போது கமிட்டியார் கொடுத்த ஒற்றை மைக்கில் நம் குழுவில் டோலக் அடிக்கிற காளியாத்தாளின் தட்டுத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. இந்த வருஷம் கம்பம் நடுவதற்கு முன்பே கமிட்டித் தலைவர் அரங்கசாமி வீட்டுக்கு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அம்மணி, போன நோம்பிக்கு நீங்க வாயசைச்சது நல்லாத் தெரிஞ்சுதுங்க, பாட்டுத்தான் காதுல விழுகல. இந்த வருசமும் இப்படியே போச்சுன்னா அந்த ஒரு மணி நேரத்த டவுன் ஆர்கெஸ்ட்ராவுக்குக் குடுத்துப்போடலாம்னு பேசிக்கறாங்க. நான் பேசலைங்க, பேசிக்கறாங்க." அந்த ஒரு மணி நேரத்தை நீங்கள் கமிட்டியார் வீடு வீடாக நடந்து வாங்கினீர்கள். வால்பாறைக்கு ஜீப் ஏறும்போதுகூட என் கையைப் பிடித்து, "உட்டுப்போடாத கண்ணு" என்றுதானே சொன்னீர்கள். ஆகவே நமக்கென்று சொந்தமாக ஒரு செட்டு வாங்கிவிடுவது என்று முடிவு செய்தோம். சீட்டுப் பணம், முறுக்கு விற்ற பணம், உண்டியல் எல்லாவற்றின் கணக்கும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் 'ஸ்பீக்கருக்கு எலுமிச்சம்பழம்' என்று ஓரிடத்தில் இருக்கும், திகைக்க வேண்டாம்.

முதலில் உங்கள் மகன் அருண்குமாரிடம்தான் கேட்டேன். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பிள்ளை, தெரிந்திருக்கும் என்று பார்த்தால், ஒரு பட்டியல் அனுப்பினான். என் மருமகள் பிரவீனா படித்துப் பார்த்து, "அத்தை, இத வாங்கினா பாடறதுக்கு முன்ன நம்ம கரண்டு கம்பத்த மாத்தோணுமுங்க" என்றாள். அவள் செல்போனைப் பார்த்தே கீபோர்டு கற்றுக்கொண்டவள், அவள் சொன்னால் சரியாக இருக்கும். பட்டியலை மடித்து வைத்துவிட்டு, நான், அவள், காளியாத்தாள் மூவரும் கோயமுத்தூர் போய் அப்துல் முத்தலிப் பாய் கடையில் ஏறினோம். கல்யாணத்துக்கும் மீட்டிங்குக்கும் செட்டு போட்டுப் பழகிய மனிதர். பெரிய பெட்டியாகக் காட்டி நம் தலையில் கட்டிவிடுவார் என்று பயந்துகொண்டு போனால், அவர் எங்களை உட்கார வைத்து, எத்தனை பேர் பாடுவீர்கள், என்னென்ன வாத்தியம், திறந்த வெளியா மண்டபமா, எதிரில் எவ்வளவு ஜனம் என்று டாக்டர் மாதிரி விசாரித்தார். காளியாத்தாளுக்குப் பொறுமை இல்லை. "சனம் கெடக்குதுங்க பாய். தறிச் சத்தத்துக்கு மேல கேக்கோணும், அதுக்கு என்னமோ அதக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள். நானும் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலுக்குத்தான் இத்தனை பாடு.

பாய் கொடுத்தது அதிகம் இல்லை. நிற்க வைக்கும் ஸ்பீக்கர் இரண்டு, நாங்கள் பாடுவது எங்களுக்கே கேட்பதற்காகக் காலடியில் சாய்த்து வைக்கும் ஸ்பீக்கர் ஒன்று, நாலு மைக், எல்லா ஒயரும் போய்ச் சேர்கிற திருகுப் பெட்டி ஒன்று. அவர் சொன்ன புத்தியும் ஒன்றே ஒன்றுதான்: "ஸ்பீக்கர் எப்பவும் உங்களுக்கு முன்னால, சனத்தப் பார்த்து நிக்கோணுமுங்க. அது திரும்பி மைக்கு மூஞ்சியப் பார்த்துச்சுன்னா ஊளையிடும்." அதைப் பிரவீனா மூன்று தடவை சொல்லிப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டாள். மனசில் வைத்தது அவள் மட்டும்தான்.

பாய் நம் வீட்டுக்கே வந்து ஒயர் மாட்டிச் செட்டைப் பூட்டிக் கொடுத்தார். புதுச் சாமானைப் பூஜை போடாமல் தொடலாமா. ஸ்பீக்கருக்கு விபூதிப் பட்டை போட்டு, மைக்குக்குச் சந்தனம் வைத்து, திருகுப் பெட்டிக்குக் கற்பூரம் காட்டினேன். திருநூறு கொஞ்சம் திருகுக்குள் இறங்கிவிட்டது, அதைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று அரிசி களைகிற சத்தம். பாய் அதைப் பிரஷ்ஷால் பொறுமையாகத் துடைத்தார். காளியாத்தாள் தேங்காயை உடைக்கக் கையை ஓங்கியபோது மட்டும், "அம்மா, தண்ணி ஒயர்ல படுமுங்க, வாசல்ல உடைச்சா சாமி கோவிச்சுக்காதுங்க" என்றார். எலுமிச்சம்பழத்தை ஸ்பீக்கர் ஸ்டாண்டுக்கு அடியில் வைத்து நசுக்கினோம்.

அப்புறம் சத்தம் வைத்துப் பார்த்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் நம் தறிக்குடோன், வழக்கம்போல் எல்லாத் தறியும் ஓடுகிறது. நாங்கள் என்றைக்கும் அப்படித்தானே பாடிப் பழகுவோம். பாய் திருகில் கை வைத்துக்கொண்டு, யாருக்குப் பத்தவில்லை என்று கேட்டார். எனக்குப் பத்தவில்லைதான். ஆனால் முதல் ஆளாக என் குரலை ஏற்றுங்கள் என்று எப்படி வாய்விட்டுக் கேட்பது. "எனக்குப் போதுமுங்க, காளியக்காவுக்குக் கொஞ்சம் ஏத்துங்க" என்றேன். ஏற்றினார். காளியாத்தாள் உடனே, தனக்கு எதற்கு, பிரவீனாவுக்கு வையுங்கள் என்றாள். பிரவீனா அத்தைக்கு வையுங்கள் என்றாள். பின்பாட்டுக்காரிகள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி காட்டினார்கள். இப்படிச் சுற்றிச் சுற்றி மரியாதை செய்துகொண்டதில் எல்லாத் திருகும் ஏறிக்கொண்டே போய், கடைசியில் பாய் கையை எடுத்துவிட்டு, "இதுக்கு மேல திருக எடமில்லீங்க" என்றார். அப்போதுதான் தறிக்கு மேலே பாட்டு மணியாகக் கேட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். இந்த அளவு மாறிவிடக்கூடாதே என்று ஒவ்வொரு திருகும் நின்ற இடத்தில் குங்குமத்தைக் குழைத்து ஒரு பொட்டு வைத்தேன். நோம்பி அன்றைக்குப் பாய்க்குப் பொள்ளாச்சியில் ஒரு நிக்காஹ், வர முடியாது. பொட்டுக்கு நேராகத் திருகை வைத்தால் போதும், எதற்குக் கவலை என்று நான்தான் அவருக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன்.

நங்கையா, நோம்பிக்குத் தறி நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததில் இருந்து தெரியும். ஊரே தறியை நிறுத்தி, மசகைக் கழுவி, மாலை போட்டு வைக்கும். ஆனால் நாள் முழுக்கக் கேட்கிற சத்தம் நமக்கு ஒரு சத்தமாகவா தோன்றுகிறது? பிரவீனாவுக்குத் தோன்றவில்லை, காளியாத்தாளுக்குத் தோன்றவில்லை, உங்கள் தம்பிக்குத் தறி தவிர வேறு எதுவுமே காதில் விழுவதில்லை.

மாவிளக்கு அன்றைக்குச் சாயங்காலம் மேடை ஏறினோம். ஜனம் கோயில் முன்னால் நிறைந்து உட்கார்ந்திருக்கிறது. அரங்கசாமி முதல் வரிசையில். பிரவீனா எல்லாத் திருகையும் பொட்டுக்கு நேராக வைத்தாள். காளியாத்தாள் மட்டும் சுற்றிப் பார்த்துவிட்டு, ஸ்பீக்கர் இரண்டும் ஆத்தாவுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன, இது அடுக்காது என்று சொல்லி, பிரவீனா தடுக்கத் தடுக்க ஒன்றைக் கோயிலைப் பார்த்துத் திருப்பிவிட்டாள். நாங்கள் நிற்பது கோயிலுக்கு முன்னால், அதாவது அந்த ஸ்பீக்கருக்கு நேர் எதிரில்.

பிள்ளையார் பாட்டுக்கு நான் மூச்சை இழுத்தேன். மூச்சுத்தான் நங்கையா, இன்னும் பாடவில்லை. அதுவே ஆடிக்காற்று அடித்தது போல ஊருக்கெல்லாம் கேட்டது. காளியாத்தாள் டோலக்கில் முதல் தட்டுத் தட்டினாள். கோபுரத்துப் புறா மொத்தமும் எழும்பியது, முன்வரிசைத் தட்டுகளில் இரண்டு மாவிளக்கு அணைந்தது. காற்று என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பிறகு திருப்பி வைத்த ஸ்பீக்கர் ஊளையிட ஆரம்பித்தது. பிரவீனா திருகைக் குறைக்கக் கையை நீட்டினாள், காளியாத்தாள் அந்தக் கையில் ஒரு அடி போட்டு, "சாமிப் பொட்டு வெச்சத நகத்தறயா?" என்றாள். அதுவும் ஊருக்கெல்லாம் கேட்டது.

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இத்தனை வருஷமாகப் பாடுகிறோமே, நாங்கள் யாரும் எங்கள் குரலைக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தறியோடு சேர்த்துத்தான் கேட்டிருக்கிறோம். காளியாத்தாள் தாளத்தில் எனக்கு முன்னால் ஓடுகிறாள், பின்பாட்டுக்காரிகள் என் பின்னால் வருவதாக நினைத்துக்கொண்டு வேறு வீதியில் போகிறார்கள், பிரவீனாவின் கீபோர்டு ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கிணற்றில் வாளி இடிக்கும்போது வருமே, அந்த மாதிரி. நிறுத்தலாம் என்றால் நிறுத்தினவுடன் அந்த ஒரு மணி நேரம் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போய்விடும். உங்கள் முகம் கண் முன்னால் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன்.

நம் ஜனம் எவ்வளவு மரியாதையானது என்று அன்றைக்குப் பார்க்க வேண்டும். ஒருவர்கூடக் காதைப் பொத்தவில்லை. வேர்வை துடைப்பது போலத் துண்டைக் காதோடு சேர்த்து வைத்துக்கொண்டார்கள். எழுந்து போகிறவர்களும் சொல்லாமல் போகவில்லை, ஒவ்வொருவராக மேடைக்கு வந்து, என் மைக்குக்கு நேராகக் குனிந்து, "போயிட்டு வாரனுங்க அம்மணி" என்று விடைபெற்றார்கள். நானும் பாட்டின் நடுவே, "செரிங்க, போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரு சரணம் பாட்டு, ஒரு குடும்பம் விடை என்று கச்சேரி போனது. கடைசிவரை அசையாமல் ரசித்தது தறி ஓட்டியே காது மந்தமான ஆம்பிளைகள் கூட்டம்தான். உங்கள் தம்பி ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் நீ பாடறது கேட்குது" என்று கண் கலங்கினார்.

எல்லாம் முடிந்ததும் அரங்கசாமி மேடைக்கு வந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டார். "அருமைங்க அம்மணி, மனசு நெறஞ்சு போச்சுங்க" என்றார். நான் தலை குனிந்து நின்றேன். "அடுத்த நோம்பிக்கும் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குத்தானுங்க, அதுல மாத்தமில்ல. அந்த நேரத்துக்கு மட்டும் கோயிலச் சுத்தி இருக்கற தறிய எல்லாம் ஓட்டச் சொல்லிப்போடறனுங்க." என்ன பெருந்தன்மை என்று கும்பிட்டுவிட்டு வந்து, சோறு போட்டுக் குழம்பு ஊற்றும்போதுதான் அவர் சொன்னது எனக்கு உறைத்தது. குழம்புக் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதேன்.

ஆகவே, நங்கையா, நீங்கள் வாங்கின ஒரு மணி நேரம் பத்திரமாக இருக்கிறது, என் மானம்தான் போய்விட்டது. இனி மைக் பிடிப்பதில்லை என்று அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சொல்லிவிட்டேன். செட்டைப் பழைய பட்டுச் சேலையில் சுற்றிப் பரண் மேல் ஏற்றிவிட்டேன். அருண்குமாரை அனுப்பி எடுத்துப்போகச் சொல்லவும், உங்கள் எஸ்டேட் கோயிலுக்காவது உதவும். குழுவை நடத்தும் பொறுப்பையும் உங்கள் காலடியிலேயே திரும்ப வைக்கிறேன். வீட்டில் விளக்கேற்றி, வாய்க்குள் முணுமுணுத்து, மிச்சக் காலத்தை ஓட்டிக்கொள்கிறேன்.

மாரியாத்தாள் உங்களுக்கு முழங்காலையும், அட்டை கடிக்காத மழையையும், எங்களுக்குக் கொஞ்சம் மறதியையும் தரட்டும். அண்ணாருக்கு வணக்கமும் பேரன் பேத்திகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு, தலை நிமிராமல் எழுதும்,
சாந்தாமணி.

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கருமத்தம்பட்டிக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக்காரர்கள் நாலு பேர் வெற்றிலைபாக்குத் தட்டோடு வந்துவிட்டார்கள். நோம்பி அன்றைக்கு அவர்கள் தோட்டம் வரைக்கும் நம் பாட்டு கேட்டதாம், அத்தனை தூரத்தில் ஆத்தாவே வந்து பேசினது போல இருந்ததாம், அவர்கள் கோயில் நோம்பிக்கும் நாங்கள்தான் பாட வேண்டுமாம். நான் எவ்வளவோ மறுத்தேன், கேட்கவில்லை. சத்தியத்துக்கு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டு, தட்டை வாங்கிக்கொண்டேன். பிரவீனா பரண் மேல் ஏறி இருக்கிறாள். ஆகவே அருண்குமார் வர வேண்டாம், மேலே எழுதிய ராஜினாமாவையும் இல்லை என்று வைத்துக்கொள்ளவும். அவர்கள் ஊரில் மேடை எந்தப் பக்கம் போடுவீர்கள் என்று கேட்டேன். பெரியவர் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "மேடையெல்லாம் எதுக்குங்க அம்மணி, உங்களுக்கு அலைச்சல். நீங்க இங்கயே நின்னு பாடுங்க, நாங்க அங்கிருந்தே கேட்டுக்கறமுங்க" என்றார்.