ஒரு படி குறைந்த ரயில் நிலையம்

அன்பும் மரியாதையும் கலந்து சம்பந்தி அவர்களுக்கு எழுதுவது,

இங்கே நான், என் மனைவி, மகன், உங்கள் மகள் நால்வரும் நலம். உங்கள் மகளின் வயிற்றில் இருக்கும் ஐந்தாமவரும் நலம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அங்கே உங்கள் முழங்கால் வலியும் சம்பந்தி அம்மாவின் கோபமும் குறைந்திருக்கும் என நம்புகிறேன்.

போன முறை வந்திருந்தபோது என்னை ஒரு கேள்வி கேட்டீர்கள். "ஏன் சம்பந்தி, அரசாங்கமும் கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து ரயில் விடுறாங்களாமே, ஒரு ரயிலை ரெண்டு பேரு எப்படி ஓட்டுவாங்க? ஆளுக்கு ஒரு பக்கத்துச் சக்கரமா?" அன்று விடை தெரியாமல் செய்தித்தாளைப் புரட்டுவதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன். முப்பத்து நான்கு ஆண்டு கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு அது எவ்வளவு வெட்கம் தெரியுமா! இப்போது விடை கிடைத்துவிட்டது. கூடவே நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லும் இறங்கிவிட்டது.

உதாரணத்துக்கு நம் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் உங்கள் பொறுப்பு, சாப்பாடு என் பொறுப்பு, இரண்டிலும் ஒரு குறையில்லை. ஆனால் புகைப்படக்காரரை நீங்கள் அழைத்திருப்பீர்கள் என்று நானும், நான் அழைத்திருப்பேன் என்று நீங்களும் இருந்துவிட்டோம். நம்மிடம் இருக்கும் ஒரே கல்யாணப் படம் சமையல்காரர் தன் கைப்பேசியில் எடுத்தது. அதில் முன்னால் பெரிய அண்டா, அண்டாவுக்குப் பின்னால் மங்கலாக மணமக்கள். ரயில் சமாச்சாரமும் அச்சு அசல் அதேதான். நிலம், தண்டவாளம், தெருவிலிருந்து ஏறி இறங்கும் நடைபாலம் எல்லாம் அரசாங்கத்தின் பங்கு. நடைமேடை, பெட்டிகள், முப்பது வருடம் ரயில் ஓட்டுவது எல்லாம் கம்பெனியின் பங்கு. அவர்கள் தெருவிலிருந்து அளந்து படிக்கட்டை இறக்கினார்கள், இவர்கள் தண்டவாளத்திலிருந்து அளந்து நடைமேடையை உயர்த்தினார்கள். இரண்டு கணக்கும் சரி. நான் இருந்தால் இருவருக்கும் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். ஆனால் எங்கள் ஊர் நிலையத்தில் கடைசிப் படி முடியும் இடத்துக்கும் நடைமேடைக்கும் நடுவே ஒன்றேகால் அடிப் பள்ளம். ஒரே ஒரு படி குறைகிறது! பாதுகாப்பு அதிகாரி வந்தார், பார்த்தார், படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். ரயில் மட்டும் நம் நிலையத்தில் தவறாமல் நின்றது, ஏனென்றால் நிற்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நிற்கும், கதவு திறக்கும், "இறங்குபவர்களுக்கு வழி விடுங்கள்" என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொல்லும். வழிவிட அங்கே இரண்டு காக்கைகள்தான்.

இதில் உங்களுக்குச் சொல்லாமல் மறைத்தது ஒன்று உண்டு, கோபிக்கக் கூடாது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உங்கள் மகள் ஆறு வருடம் காத்திருந்து வாங்கிய மேற்பார்வையாளர் வேலை போக இருந்தது. இரண்டு பேருந்து மாறி, குலுங்கிக் குலுங்கி இரண்டு மணி நேரம் போவது இனி கூடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ரயிலென்றால் இருபத்திரண்டு நிமிடம். ஒன்றாம் தேதிக்குள் நம் நிலையம் திறக்காவிட்டால் ராஜினாமா என்று கடிதம்கூட எழுதி அலமாரியில் வைத்திருந்தாள். துணி மடித்து வைக்கும்போது என் மனைவி பார்த்துவிட்டு வந்து, "ஏங்க, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் கணக்கு சொல்லிக் குடுத்தீங்களே, இந்த ஒரு படிக்கு ஒரு வழி பண்ண மாட்டீங்களா?" என்றாள். விட்டேனா பாருங்கள், மறுநாளே குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அரசாங்க அலுவலகத்தில் எந்நேரமும் நெஞ்சோடு ஒரு கோப்பை அணைத்தபடி இருக்கும் பொறியாளர், நான் மனசுக்குள் அவருக்குக் கோப்பு சார் என்று பெயர் வைத்துவிட்டேன், அவர் சொன்னார்: "ஐயா, படிக்கட்டு எங்களுதுதான். ஆனா இல்லாத படி தரையில உட்காரணும். தரை அவங்களுது." கம்பெனி அலுவலகத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பெண் பொறியாளர், "சார், தரை எங்களுதுதான். ஆனா படின்னு வந்துட்டா அது படிக்கட்டுல சேர்ந்தது. அதத் தொட்டா எங்க மேல கேஸ் வரும்" என்றார். இப்படிப்பட்ட சிக்கலைத் தீர்க்க ஒரு கூட்டுக் குழு உண்டாம். ஏன் கூடவில்லை என்றேன். "அவங்க கூப்பிடட்டும்னு இருக்கோம்" என்றார்கள், இரண்டு இடத்திலும், ஒரு சொல் மாறாமல்!

எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்தது. சண்டை போட்ட இரண்டு பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு கடிதம் எழுதி, அன்றே இரண்டு அலுவலகத்திலும் கொடுத்துவிட்டு வந்தேன். "நாளை காலை பத்து மணிக்கு எதிர்த்தரப்புப் பொறியாளர் படியருகே இருப்பார்" என்று இருவருக்கும் ஒரே வாசகம். எழுதும்போது இரண்டும் பொய். பத்து மணிக்கு இரண்டும் உண்மை. கோப்பு சார் பூட்டைத் திறந்து மேலே வந்து நின்றார், மஞ்சள் தொப்பி ரயிலிலிருந்து இறங்கிக் கீழே வந்து நின்றார். "நீங்கதானே கூப்பிட்டீங்க?" "நானா? நீங்க கூப்பிட்டீங்கன்னு வந்தேன்!" விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் நின்ற என்னை இருவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார்கள். அந்தத் திட்டத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். நான் வாயைத் திறக்குமுன், என்னோடு வந்திருந்த உங்கள் மகள் கைப்பையோடு படியில் இறங்கிக் கடைசிப் படியில் நின்றுகொண்டு, "சார், மேடம், இப்ப நான் எந்தக் காலை எடுத்து யாரு இடத்துல வைக்கட்டும்?" என்றாள். இருவரும் அவள் வயிற்றைப் பார்த்தார்கள், பள்ளத்தைப் பார்த்தார்கள், அப்புறம் முதல்முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகென்ன, சிமெண்ட் அவர்களுடையது, மேலே போடும் கல் இவர்களுடையது, அன்று மாலைக்குள் படி தயார்! அதை யார் பெருக்குவது என்று மட்டும் இன்னொரு மணி நேரம் வாதாடினார்கள். ஒற்றைப்படைத் தேதியில் அவர்கள், இரட்டைப்படைத் தேதியில் இவர்கள் என்று முடிவாயிற்று. முப்பத்தொன்றும் ஒன்றும் அடுத்தடுத்து வருமே என்று சொல்ல என் நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டேன்.

நேற்று ஒன்றாம் தேதி. அதிகாரி வந்து ஏறி இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். உங்கள் மகள் எட்டரை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கையாட்டிக்கொண்டே போனாள். ராஜினாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன். திருப்பிப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஆகவே விடை இதுதான் சம்பந்தி: இரண்டு பேர் சேர்ந்து ரயில் தாராளமாக ஓட்டலாம், இருவருக்கும் நடுவே இருப்பது யாருடையது என்று முதல் நாளே கேட்டுவிட்டால். இனி நம் இரு வீட்டுக்கும் அந்தப் பிசகு வராது, நான் பாடம் படித்துவிட்டேன். உங்கள் முழங்காலுக்கு நல்ல காலம் பிறக்கட்டும், சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. நீங்கள் அனுப்பிய தொட்டில் வந்து சேர்ந்தது, மிக அழகு. நான் வாங்கிய தொட்டில் முந்தாநாளே வந்து கூடத்தில் நிற்கிறது. வயிற்றில் இருப்பது ஒன்றுதான் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்கிறார். "அந்த இன்ஜினியருங்களைப் பத்தி என்ன பேச்சு பேசினீங்க மாமா!" என்று உங்கள் மகள் சிரிக்கிறாள். ஆகவே, தயவுசெய்து இன்றே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். குழந்தைக்கு நீங்கள் வாங்கப்போவதை இடப்பக்கமும், நான் வாங்குவேன் என்று நீங்கள் நினைப்பதை வலப்பக்கமும் எழுதி, எதையும் வாங்குமுன் எனக்கு அனுப்புங்கள்.