ஜீப்பில் பேசிய ஆவிகள்

சந்தை முனையில் நின்ற ஒரு ஜீப்பில் இறந்தவர்கள் பேசினார்கள். காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை. ஞாயிற்றுக்கிழமை ஆவிகளுக்கு விடுமுறை.

கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். பேருந்தே சுற்றுவழியில் போனது. ஜீப்பின் சொந்தக்காரரான அலை ஐயா முன் இருக்கையில் கண்ணை மூடி உட்கார்ந்து ரேடியோவைப் போடுவார். அது 'கொர்ர்ர்' என்று இரையும். அந்த இரைச்சலுக்கு அவர் அர்த்தம் சொல்வார். செத்தவர்கள் எல்லோருக்கும் ஒரே குரலா என்று யாரும் கேட்கவில்லை. மாமியாரும் மருமகளுமே ஒரே மாதிரிப் பேசினார்கள். அதைவிட அதிசயம் வேறென்ன வேண்டும்?

பட்டறை நடத்திவந்த மெக்கானிக் அக்காவுக்கு முதலில் இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. ஏரியல் முறிந்த ரேடியோ அப்படித்தான் இரையும் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தாள். பேச்சு அலை ஐயாவின் காதுக்குப் போயிற்று. மறுநாளே அவளுடைய அம்மா ஜீப்பிலிருந்து முகம் வாடித் திரும்பினாள். பெண்பிள்ளை கையில் ஸ்பானர் இருப்பது அப்பாவின் ஆவிக்குப் பிடிக்கவில்லையாம். பட்டறையை மூடிவிட வேண்டுமாம்.

அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அக்காவுக்குச் சிரிப்பு போயே போய்விட்டது.

மூன்றாம் நாள் அம்மாவையும் ஒரு புது ஏரியலையும் கூட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தாள். சண்டை போடவில்லை. பணிவாகத்தான் கேட்டாள்.

"ஐயா, எங்கப்பா பேசறது சரியாக் கேக்கல. இதைப் போட்டா எல்லாரும் தெளிவாப் பேசுவாங்க. போட்டுடட்டுமா?"

அலை ஐயாவுக்கு வியர்த்தது. புதுக் கம்பியைக் கண்டால் ஆவிகள் மிரண்டுவிடும் என்றார். முன்வரிசையில் நின்ற ஓய்வுபெற்ற தபால்காரர் ஒப்புக்கொள்ளவில்லை.

"என் வீட்டுக்காரி எதுக்கும் மிரண்டதில்ல. மிரண்டதெல்லாம் நான்தான். நீ போடும்மா."

கூட்டம் மொத்தமும் ஆமாம் போட்டது. அக்கா நட்டைக் கழற்றித் முறிந்து மிஞ்சியிருந்த துருக் கம்பியைப் பிடுங்கிக் கீழே போட்டாள். ஓட்டையைச் சுற்றியிருந்த துருவைச் சுரண்டிப் புது ஒயரை உள்ளே விட்டு, ரேடியோவின் பின்னால் செருகினாள். நட்டை முறுக்கிக் கம்பியை மேலே திருகி நிறுத்தினாள். நிலையம் மாற்றும் ரேடியோ முள்ளை மட்டும் தொடவே இல்லை.

"நாளை பிற்பகலில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்" என்றது ஒரு பெண் குரல், கணீரென்று.

தபால்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தன் மனைவி இல்லை. அவள் இவ்வளவு மரியாதையாகப் பேசியதே கிடையாது.

ஆவிகள் கோபித்துக்கொண்டு போய்விட்டதாக அலை ஐயா அறிவித்தார். அக்கா கம்பியை மட்டும் திருகிக் கழற்றினாள். 'கொர்ர்ர்.'

"வந்துட்டாங்க" என்றாள்.

மறுபடி மாட்டினாள். மழைச் செய்தி.

"போயிட்டாங்க."

அவ்வளவுதான். ஆளாளுக்கு முண்டியடித்துக்கொண்டு கழற்றுவதும் மாட்டுவதுமாக ஒரே கும்மாளம். கால் மணி நேரத்துக்குள் ஊரிலிருந்த ஆவிகள் அத்தனையும் போய்ப் போய் வந்து களைத்திருக்கும். அம்மாவும் தன் கையாலேயே ஒரு முறை கழற்றி மாட்டினாள். அப்புறம் அலை ஐயாவைப் பார்த்தாள்.

"அப்ப, பட்டறைய மூடச் சொன்னது யாரு?"

அவர் அவசரமாகச் சாவியைத் திருகினார். ஜீப்பைக் கிளப்பினார். ரேடியோ குத்துப்பாட்டு பாடிக்கொண்டே போனது.

கூட்டம் கலைந்தபோது ஒருவர் மட்டும் தரையில் கிடந்த துருக் கம்பியைப் பயபக்தியோடு எடுத்து, இதை வீட்டில் எந்தத் திசையில் வைத்தால் நல்லது என்று அக்காவிடம் கேட்டார்.

"அண்ணே, ஜீப்புக்குத்தான் என்னால ஏரியல் மாத்த முடியும். உங்க தலைக்குள்ள இருக்கறத நீங்கதான் மாத்திக்கணும். அதுக்கு ஏத்த ஸ்பானர் என்கிட்ட இல்ல."