முதலில் கிளம்புவது என் அக்காதான்

என்னை வளர்த்து ஆளாக்கி, அதற்காக இன்றுவரை வருந்திக்கொண்டிருக்கும் அக்காவுக்குத் தம்பி பணிவுடன் எழுதுவது. நான் நலம். இதைப் படித்து முடித்த பிறகும் நீ நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நான் மாநிலத்தின் காலநிலை மாற்றத் துறை அமைச்சரானபோது, "மாத்துறது உன் வேலையா, மாறாம பாத்துக்கிறது உன் வேலையாடா?" என்று கேட்டாய். எனக்கே இன்னும் தெளிவாகவில்லை. வருகிறவர்களெல்லாம் என்னை மழைக்கு அமைச்சர் என்றே நினைக்கிறார்கள். "பொண்ணு கல்யாணத்தன்னிக்கு மட்டும் மழை வேண்டாங்கய்யா" என்று ஒருவர் வந்து நின்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று பழக்கதோஷத்தில் சொல்லித் தொலைத்தேன். பந்தல் அடுத்த தெருவில் கிடைத்தது.

அது போகட்டும். கடலோர முதல் தெருவைக் காலி செய்ய வேண்டும், மேட்டில் புது வீடு தருகிறோம் என்று சொல்ல, முந்தாநாள் உங்கள் ஊரில் கூட்டம் போட்டேன். அத்தானுக்குக் கண் காட்ட நீ வெளியூர் போயிருந்த நாளாகப் பார்த்துத்தான் போட்டேன். அவ்வளவு தைரியசாலி நான். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்து அரைமணி நேரம் விளக்கினேன். செயலாளர் வந்து திருப்பிவைத்தபோதுதான் கடல் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. அப்போது ஐஸ் கடைக்காரர் எழுந்து, "ஐயா, உங்க அக்கா வீடும் இதே தெருதானே? அவங்க கிளம்புறாங்களா?" என்றார். கூடமே என் வாயைப் பார்த்தது. இல்லை என்றால் ஒருவரும் நகர மாட்டார்கள். போன புயலில் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தத் தெரு ஓடியதை நானும் பார்த்தவன். வாய் முந்திக்கொண்டது: "முதல்ல கிளம்புறதே எங்க அக்காதான்!" ஒரே கைதட்டல். பதவிக்கு வந்தபின் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல் அக்கா அது. அதில் மயங்கி, "அழுதுகிட்டே சம்மதிச்சாங்க" என்றும் சேர்த்துவிட்டேன். நீ அழுது யார் பார்த்தது? பாதித் தெரு அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டது.

காரில் செயலாளர் மெதுவாக, "அக்காவுக்கு விஷயம் தெரியுமா சார்?" என்றார்.

"தெரியும்… தெரியவரும்."

போனில் சொல்லியிருப்பேன். "ஏண்டா" என்று நீ ஆரம்பித்தாலே, முதல்வரிடமே பேசிச் சமாளிக்கிற நான் போனை வைத்துவிடுவேன். பக்கத்து வீட்டார் ஊதுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். விளையாட்டில்லை அக்கா. கொல்லைச் சுவர் கடலோடு போய்விட்டது; அடுத்தது நீங்கள் படுக்கும் அறை. அத்தானுக்கோ கண் சரியில்லை. நீ அங்கே இருக்கும்வரை மழை என்றாலே ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். தயவுசெய்து கிளம்பு.

அத்தானுக்கு என் வணக்கமும் குழந்தைகளுக்கு என் ஆசியும். திட்டுவதை இந்தக் கடிதம் கொண்டுவரும் என் டிரைவரிடமே சொல்லி அனுப்பு, அவர் பழகியவர்.

இப்படிக்கு,
உன் வாய்க்கொழுப்புத் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அமைச்சர் குடியிருப்பில் முழங்கால் தண்ணீர். சோபா வாசலுக்கு வந்துவிட்டது. "அக்கா தெரு மணல், தண்ணி நிக்காது, அங்கேயே போயிடலாம்" என்கிறாள் உன் தம்பி மனைவி. துறை அமைச்சர் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். கடிதத்தை நானே கொண்டுவருகிறேன், குடும்பத்தோடு. வீட்டைக் காலி செய்துவிடாதே. மாடி அறையை மட்டும் காலி செய்து வை.