பதில் வராவிட்டால் திரும்பக் கேள்

எண்: 1
நமுனுகுல, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிலுக்ஷிக்கு,

அந்தோனியார் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தங்கை கேஷானியும் நலம். கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறோம். நலம் என்று எழுதியது வழக்கத்துக்காக. இங்கே யாருக்கும் சோறு இறங்கவில்லை.

எல்லாம் நீ போன தடவை வந்து சொன்ன கதையால் வந்த வினை. ஒரு கம்ப்யூட்டர் தூரத்திலுள்ள இன்னொன்றிடம் வேலை சொல்லுமாம், பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று உலகத்துக்கே பொதுவாக விதி எழுத, பல நாட்டுக்காரர்கள் கமிட்டி போட்டு வருஷக்கணக்காகச் சண்டை பிடிக்கிறீர்களாம். "பதில் வரலைன்னா திரும்பக் கேக்கணும்ப்பா. ஆனா வேலை அங்க ஏற்கனவே முடிஞ்சிருந்தா ரெண்டு தடவை நடந்துரும், அதுக்குத்தான் எண் போடணும்" என்றாய். முன்பாதி காதில் விழுந்தது. பின்பாதி அரைத் தூக்கத்தில்.

போன வாரம் மழையில் டவர் விழுந்து ஃபோனெல்லாம் செத்துப்போச்சு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கேஷானியைப் பெண் பார்க்க வரும்படி, வெலிமடை மாப்பிள்ளை ஜோன்சன் வீட்டுக்கு பஸ் கண்டக்டர் அலவியிடம் சொல்லி அனுப்பினேன். பதில் இல்லை. உன் விதிப்படி லீக்ஸ் காய்கறி ஏற்றும் லொறிக்கார றஹீம் நானாவிடம் திரும்பச் சொன்னேன். அதற்கும் இல்லை. கோயில் உபதேசியாரிடமும் சொல்லிவிட்டேன். பார்த்தால் மூன்றும் போய்ச் சேர்ந்திருக்கு! நம்ம ஆளுகளுக்கு ஒரு தடவை கூப்பிட்டா அழைப்பு, ரெண்டு தடவை கூப்பிட்டா சொந்தபந்தத்தையும் கூட்டிட்டு வாங்கன்னு அர்த்தம், மூணு தடவை கூப்பிட்டா பொண்ணுக்கு ஏதோ கொறை, தள்ளிவிடப் பாக்குறாங்கன்னு அர்த்தம்.

ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினாங்க. உங்கம்மா லயத்து வீடு வீடா ஓடிச் சோறு கேட்டா. மாப்பிள்ளையோட அத்தை கேஷானியை நடக்கச் சொல்லிச்சு, ஊசியில நூல் கோக்கச் சொல்லிச்சு, பின்னால நின்னு மெதுவாக் கூப்பிட்டுக் காது கேக்குதான்னு பாத்துச்சு. கடைசியில என் முகத்துக்கு நேரே, "பொண்ணுக்கு என்னதாங்க கொறை? இப்பவே சொல்லிடுங்க" என்று கேட்டுச்சு. "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை.

கேஷானி, "அவருக்கு என்னப் புடிச்சிருக்குப்பா, கொஞ்சம் பொறுங்க" என்று அழுகிறாள். எனக்குப் பயமா இருக்கு மகளே. அவங்க வேண்டாம்னு சொல்லி நம்ம புள்ள பேரு கெடுறதுக்கு முன்னாடி நாமளே முந்திக்கணும். வெலிமடையில் ஃபோன் வேலை செய்கிறது. இதைக் கண்டதும் அவர்களுக்கு ஃபோன் எடுத்து, சம்பந்தம் வேண்டாம் என்று வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிடு.

ஆண்டவர் உன்னையும் உன் கமிட்டியையும் ஆசீர்வதிக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
இராயப்பன்

பி.கு.: ஐயையோ, ஃபோன் பண்ணாதே! இப்போதுதான் அலவி வந்தார். ஞாயிறு சாயந்தரமே சம்மதம் சொல்லி அனுப்பிவிட்டார்களாம், ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணமாம். நூல் கோத்த வேகம் அத்தைக்குப் பிடித்துப்போச்சாம். அலவியின் பஸ் பழுதானதால்தான் பதில் பிந்தியது. உன்னிடமிருந்தும் பதில் வராதோ என்று இந்தக் கடிதத்தை மூன்றாக எழுதினேன். ஒன்று தபாலில் போய்விட்டது, ஒன்று றஹீம் நானா லொறியில் போய்விட்டது. இந்தப் பின்குறிப்பு பக்கத்து வீட்டு றொனி கொண்டுவரும் மூன்றாவதில் மட்டும்தான். ஒரே வேலையைத் திரும்பச் சொன்னால் ஒரே எண் போடணும், அந்த எண் மறுபடி வந்தால் பிரிக்காமலே ஒதுக்கிடலாம் என்று நீ சொன்னதை மதித்து, மூன்று உறையிலும் எண் 1 என்று பெரிதாகப் போட்டுத் தொலைத்திருக்கிறேன். வேறு உறை இல்லை, றொனி வாசலில் ஹோர்ன் அடிக்கிறான். தாயே, இதைப் பிரி!