'வாரேன்' விட்ட இடம்

காலை பத்து பத்துக்கு எல்லாம் கெட ஆரம்பித்தது. எண்பதுகளின் கடைசி. சேலத்தில் லாரி பாடி கட்டும் பட்டறைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ். என் மகளுக்கு அங்கே முதல் வேலை. அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன்.

அவளோடு வேலை பார்த்த பரமத்தி வேலூர்க்காரரை எல்லோரும் 'வாரேன்' என்பார்கள். சேலம் ஜில்லாவிலேயே ஒரு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் முடிக்காத மனிதர் அவர்தான். பாதிப் பேச்சில் "வாரேன்" என்று எழுந்து போவார். திரும்பியதும், விட்ட இடத்துக்கு இரண்டு வார்த்தை முன்னாலிருந்து தொடர்வார். பெண் பார்க்கப் போன வீட்டில், "பொண்ணு எனக்கு..." என்று எழுந்து வெற்றிலை துப்பப் போனாராம். வந்து, "பொண்ணு எனக்குப் புடிச்சிருக்குங்க" என்பதற்குள் பெண்ணின் அப்பா அழுதுவிட்டாராம்.

அன்று வாசலில் என்னிடம், "உங்க அம்மிணி கெட்டிக்காரிங்க, ஆனா..." என்றார். உடனே "வாரேனுங்க" என்று போய்விட்டார். அந்த 'ஆனா'வை மடியில் கட்டிக்கொண்டு மாடியேறினேன்.

மகள் எழுதியிருந்தது ஒரு டீபக்கர். ஓடும் புரோகிராமை நிறுத்தி, தப்பு எங்கே என்று பார்க்கும் இன்னொரு புரோகிராம். வாங்க வந்த மில் மேனேஜர் கண்ணெதிரே அது சொதப்பியது. அடுத்து ஓட வேண்டிய இடத்தைக் குறித்து வைத்திருப்பது, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் புரோகிராம் கவுன்ட்டர் என்ற ரிஜிஸ்டர். டீபக்கர் அதை மாற்றி, 'இங்கிருந்து ஓடு' என்றால் ஓட வேண்டும். ஆனால் புரோகிராம், கம்ப்யூட்டரையே நடத்தும் சிஸ்டத்திடம் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில் நிறுத்தி மாற்றினால் மட்டும், அங்கேயே செத்து விழுந்தது. மத்தியானத்துக்குள் சரியாகாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"இந்த வாரேன் எங்கே போனாரோ. வந்தாலும் ரெண்டு வார்த்தை பின்னாடி போய்த்தானே ஆரம்பிப்பாரு" என்று புலம்பினேன்.

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "இதுவும் அவராட்டந்தானுங்கப்பா. பாதியில நின்னத மறுபடி கேக்க வெக்கறதுக்கு, சிஸ்டம் கவுன்ட்டர ரெண்டு பைட், ரெண்டு எட்டு மாதிரி, பின்னாடி இழுக்குது. நான் மாத்தி வெச்ச புது எடத்துலருந்தும் இழுத்துப்போடுதுங்க."

புது இடத்தை வைக்கும்போதே, 'ஒரு வேலை பாதியில் நிற்கிறது' என்ற குறிப்பையும் டீபக்கர் அழித்துவிட வேண்டும். நாலைந்து வரி தட்டினாள். ஓடியது. மேனேஜர் எழுந்து நின்று அவளுக்குக் கும்பிடு போட்டார். முதலாளி, நாளை அரைமணி முன்னதாகவே வரச் சொன்னார். பெருமையில் எனக்குச் சட்டைப் பொத்தான் தெறிக்காததுதான் பாக்கி.

அப்போதுதான் 'வாரேன்' படியேறி வந்தார், கையில் ஒரு பொட்டலத்தோடு. நேராக என்னிடம் வந்து நின்றார்.

"கெட்டிக்காரிங்க, ஆனா நேரத்துக்குச் சோறு திங்கறதில்லீங்க. அதான் இட்லி வாங்கப் போனனுங்க."