ஹைப்பருக்கும் ஹைப்போவுக்கும் நடந்த பெரும்போர்

இதில் ஓர் எழுத்து பொய்யாயினும் சொன்ன வாயில் மிஞ்சியிருக்கும் நான்கு பற்களும் உதிரக்கடவன; அத்தனையும் சத்தியம்.

வாழ்க தையற்காரர்! ஊசிக்காதில் ஒரே குத்தில் நூல் நுழைக்கும் கூர்விழியோன், அளவுநாடாவையே வெற்றிமாலையாய்ச் சூடிய அகன்மார்பினன், மகளைக் கட்டிக்கொடுத்த மூன்றாண்டில் சம்பந்தியம்மாவிடம் ஒரு பேச்சிலும் வென்றறியாத அப்பெருமகன், இன்றேனும் ஒன்றில் வென்றே தீர்வதென்று சூளுரைத்து, தைராய்டு மருத்துவரின் காத்திருப்பு அறையில் மின்விசிறிக்கு நேர்கீழே வீற்றிருந்தார். எதிர்நாற்காலியில், சாக்பீஸின் கிறீச்சொலியாலேயே இரண்டு தலைமுறையை நடுங்கவைத்த ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், அவர்தாம் சம்பந்தியம்மா.

இருவரும் இரத்தம் கொடுத்தாயிற்று. நோட்டைப் புரட்டிய நர்ஸ், "ஹைப்போவா?" என்றாள்.

"எப்போவா? இப்போதாம்மா வந்தோம்," என்றார் தையற்காரர்.

"ஐயோ, அதில்லைங்க. தைராய்டு கூடினா ஹைப்பர், ஒடம்பு கொதிக்கும். கொறைஞ்சா ஹைப்போ, குளிரும். உங்களுக்கு எதுன்னு ரிப்போர்ட் வந்தாத்தான் தெரியும்."

ரிப்போர்ட்டுக்கு யார் காத்திருப்பது? தையற்காரருக்குக் குபீரென்று வியர்த்தது. டீச்சருக்குப் பற்கள் கிடுகிடுத்தன. அக்கணமே இருபெருங்குலங்கள் உதித்தன.

"நான் ஹைப்பர்! ஃபேன் அஞ்சுலயே ஓடட்டும்!"

"சம்பந்தி, நான் ஹைப்போ. தயவுபண்ணி நிறுத்துங்க."

"மன்னிக்கணும் சம்பந்தியம்மா. உங்க மேல மரியாதை உண்டு. காத்து மேல அதவிட உண்டு."

என்னே அப்போர்! மதகளிறென எழுந்த டீச்சர் விசிறியின் குமிழை ஐந்திலிருந்து ஒன்றுக்குத் திருக, வேங்கையெனப் பாய்ந்த தையற்காரர் ஒன்றிலிருந்து ஐந்துக்குத் திருப்ப, மீண்டும் அவர் திருக, மீண்டும் இவர் திருப்ப, விசிறியோ எப்பக்கம் சேர்வதென்றறியாக் கூலிப்படைபோல் விரைந்தும் தளர்ந்தும் முனக, மருந்துச்சீட்டுகள் அறுபட்ட கொடிகளெனப் பறக்க, மூலையிலிருந்த சளிக்காரர் நடுநிலை வகித்து இருதரப்பின்மீதும் தும்ம, ஈற்றில் குமிழ் கழன்று தையற்காரர் கையோடு வந்தது. விசிறி ஐந்திலேயே நிலைத்தது.

வெற்றி! பகைமன்னன் மணிமுடியைக் கொய்தாற்போல் குமிழை உயர்த்தி, வியர்வை ஆறாய்ப் பெருக, அவர் முழங்கினார்: "ஹைப்பர்னா சும்மாவா!"

முந்தானையைக் காதுவரை போர்த்திக்கொண்டு, தம் வாழ்நாளில் முதன்முறையாக, சம்பந்தியம்மா சொன்னார்: "சரி சம்பந்தி, நீங்களே ஜெயிச்சீங்க."

மூன்றாண்டு இருள் விடிந்தது. திசையெட்டும் அவர் புகழ் பரவலாயிற்று. நர்ஸ் ரிப்போர்ட்டுகளை நீட்டினாள்.

இரண்டு பேருக்கும் தைராய்டு நார்மல்.