லிண்டன்தால் ரயில் நிலையமும் பிரிக்காத பெட்டியும்

உடம்பில் உயிர் இருக்கும்வரை இந்தப் பெட்டியைப் பிரிக்கப்போவதில்லை என்று எக்கார்ட் சபதம் எடுத்தது ஒரு செப்டம்பர் ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்றரை மணிக்கு, சமையலறையில், கோட்டைக்கூடக் கழற்றாமல். சபதம் எடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர். அறுபத்தொன்பது வயதுக்குள் சிகரெட்டை ஐந்து முறை விட்டிருக்கிறார்.

பெட்டி என்றால் நகைப்பெட்டி இல்லை. ரொட்டி டப்பா அளவில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே ஒரு பொம்மை ரயில் நிலையத்தின் சுவர், கூரை, ஜன்னல், வேலி எல்லாம் பிளாஸ்டிக் துண்டுகளாக இருக்கும். வெட்டி எடுத்துப் பசை தடவி ஒட்டிக்கொள்வது வாங்குகிறவர் பாடு. லிண்டன்தால் நிலையம் என்று பெயர். கம்பெனி இதைப் போடுவதை நிறுத்தி முப்பத்தாறு வருஷம் ஆகிறது. கடையில் கிடைத்த காலத்தில் விலை இருபத்துநாலு மார்க், சீந்துவார் இல்லை. இனிமேல் வராது என்று சொன்னார்களோ இல்லையோ, ஆளாளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. மார்க் போய் யூரோ வந்தது. விலை மட்டும் ஏறின இடத்திலிருந்து இறங்கவே இல்லை.

எக்கார்ட் இதை இருபத்துமூன்று வருஷமாகத் தேடினார். ஐன்பெக் ஊரில் அவர் வீட்டு நிலவறையில் இரண்டு கட்டில் அகலத்துக்கு ஒரு ரயில் உலகம் ஓடுகிறது. மலை உண்டு, சுரங்கம் உண்டு, மாடு மேய்கிறது. நடுவில் உள்ளங்கை அளவு ஓரிடம் மட்டும் பொட்டல். லிண்டன்தாலுக்கென்று ஒதுக்கிய இடம் அது. ரயில் தினமும் அங்கே வந்து நிற்கும், ஒன்றுமில்லாததைப் பார்க்கும், கிளம்பிப் போகும். அன்றைக்குப் பள்ளி விளையாட்டுக் கூடத்தில் நடந்த மாடல் ரயில் சந்தையில், கடைசி மேஜையில், பெட்டி கிடைத்துவிட்டது. முந்நூற்றெண்பது யூரோ. அவர் பேரம்கூடப் பேசவில்லை.

"கிடைச்சிடுச்சா?" என்றாள் அவர் மனைவி ரோஸ்விதா.

"கிடைச்சிடுச்சு."

"அப்பாடா. எப்ப ஒட்டப் போற?"

"ஒட்டவா?"

"பின்ன, அடைகாக்கவா வாங்கின?"

"கொஞ்சம் புரிஞ்சுக்கோ ரோஸ்விதா. இந்த ஓரத்தைப் பாரு. கம்பெனிக்காரன் ஒட்டின டேப்பு அப்படியே இருக்கு. டேப்பு இருந்தா நானூறு. அறுத்தா இருநூறு. ஒட்டி முடிச்சா இருபது."

"அதாவது, வேலை செய்யச் செய்ய விலை குறையும்."

"அதேதான்."

"உன் ஆபீஸ்லயும் இதே முறைதானே?"

எக்கார்ட் இதைக் காதில் வாங்கவில்லை. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருஷம் வரைபடம் போட்டவர் அவர். மயிரிழைக் கோட்டைக் கையாலேயே இழுப்பார் என்று அப்போது பேர்.

"சரி, அந்த ரயிலுக்கு என்ன பதில் சொல்ற?"

"எந்த ரயிலுக்கு?"

"இருபத்துமூணு வருஷமா பொட்டல்ல வந்து நிக்குதே, அதுக்கு."

"இன்னும் கொஞ்ச நாள் நிக்கட்டும். அதுக்கென்ன கால் வலிக்கவா போகுது?"

அப்போதுதான் சபதம் வந்தது. பெட்டி நிலவறை அலமாரிக்குப் போனது. அங்கே ஏற்கெனவே அறுபத்தொரு பெட்டிகள் குடியிருந்தன. தண்ணீரில் ஓடும் மாவு ஆலை, தேவாலயம், மரப்பட்டறை, தீயணைப்பு நிலையம். எல்லாமே கம்பெனி நிறுத்தியவை, எல்லாமே பிரிக்காதவை. ஒட்டலாம் என்றுதான் முதலில் வாங்கினார், பாவம். விலை ஏற ஏறக் கை பின்வாங்கியது. பசைக்குப்பியைத் தொட்டு எட்டு வருஷம் ஆயிற்று. இப்போதெல்லாம் சாயங்காலமானால் கணினி முன் உட்கார்ந்து எது எங்கே என்ன விலைக்குப் போயிற்று என்று பார்ப்பதோடு சரி. ஏறியிருந்தால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ரோஸ்விதாவுக்குப் பிடிக்கவே இல்லை. வீடு கட்டத் தெரிந்த மனுஷன் வீட்டுத் தரகன் மாதிரி ஆகிவிட்டானே என்று அவளுக்கு ஆற்றாமை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று அவளுக்கு இருந்தது. காலையில் எக்கார்ட் காபிக் கோப்பையைத் தட்டில் வைக்கும்போது ஒரு சத்தம் கேட்கும். கிணுகிணு என்று, கொஞ்ச நேரம். போன வருஷம் அந்தச் சத்தம் இல்லை. ரோஸ்விதா அறுவைச் சிகிச்சை அறையில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். கைகளைப் பார்த்தே ஆளை எடைபோடத் தெரியும். விடாப்பிடியாக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பயப்படும்படி ஒன்றும் இல்லை, வயசானால் சிலருக்கு வருகிற கை நடுக்கம்தான், ஆனால் குறையாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும் என்றார் டாக்டர்.

"நுணுக்கமான வேலை ஏதாவது செய்யணும்னா தள்ளிப்போடாதீங்க" என்றும் சொன்னார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எக்கார்ட் கைகளைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். வாசலில் சாவியைத் துளையில் நுழைக்க மூன்று முறை முயன்றார்.

"குளிரு" என்றார்.

"ஆமா, குளிரு" என்றாள் ரோஸ்விதா.

அக்டோபர் இரண்டாவது வியாழக்கிழமை, ஊர் மதுவிடுதியின் பின்னறையில் வழக்கம்போல ரயில் சங்கம் கூடியது. தலைவர் ஹார்ட்முட், மருந்துக்கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். எக்கார்ட்டின் நாற்பது வருஷ நண்பர், அதே நாற்பது வருஷப் போட்டியாளர். அந்த வட்டாரத்திலேயே பிரிக்காத லிண்டன்தால் இன்னொன்று இருந்தது அவரிடம் மட்டும்தான்.

"உக்காருடா. மனசைத் திடப்படுத்திக்கோ" என்றார் ஹார்ட்முட்.

"ஏன், யாரு போயிட்டா?"

"விலைதான் போயிடுச்சு. லிண்டன்தாலை மறுபடி போடுறாங்களாம். பழைய அச்சு கிடைச்சிடுச்சாம். பிப்ரவரிப் பட்டியல்ல வருதாம். முப்பத்தஞ்சு யூரோ."

எக்கார்ட்டுக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி கீழே இறங்குவது போலிருந்தது. "யார் சொன்னா?"

"கம்பெனிக்குள்ள எனக்கு ஆளு இருக்கு. வெளிய சொல்லாத."

"உன்கிட்டயும் ஒண்ணு இருக்கே."

"அதான்டா எனக்குச் சாப்பாடே இறங்கல" என்று சொல்லிக்கொண்டே ஹார்ட்முட் வறுத்த உருளைக்கிழங்கின் இரண்டாவது தட்டை வழித்து முடித்தார். எக்கார்ட் அதைக் கவனித்திருக்க வேண்டும். துக்கத்தில் இருப்பவர் அடுத்தவர் தட்டை எங்கே பார்ப்பார்?

வீட்டுக்கு வந்ததும் அவர் மூளை வேலை செய்தது. அந்த நேரத்தில் அது வேலை செய்யாமலிருந்தால் நல்லவராகவே இருந்திருப்பார். காஸல் நகரத்தில் ஒரு பல் டாக்டர், லிண்டன்தால் கிடைத்தால் நானூற்றைம்பது தருகிறேன் என்று சந்தையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார். சேதி பரவுவதற்குள் அவர் தலையில் கட்டிவிட வேண்டியதுதான். எக்கார்ட் தொலைபேசியை எடுத்து எண்ணை அழுத்த ஆரம்பித்தார். ரோஸ்விதா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"காஸல் பல் டாக்டருக்கு. பெட்டியைக் குடுத்திடலாம்னு."

"ஏன் இப்ப?"

எக்கார்ட் விஷயத்தைச் சொன்னார். அவள் மடிப்பதை நிறுத்தினாள்.

"முப்பத்தஞ்சு பெறாததை நானூத்தம்பதுக்கு."

"அவருக்கு இன்னும் தெரியாதே."

"தெரியாதவரை ஏமாத்துறதுக்குப் பேரு என்னப்பா?"

"வியாபாரம்."

"எக்கார்ட், நாப்பத்திரண்டு வருஷமா உன்கூட இருக்கேன். நீ சோம்பேறின்னு ஊரு சொல்லும், நான் சிரிச்சுக்குவேன். பொய்யன்னு சொன்னா எனக்குத் தாங்காது. பொய் சொல்றவங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, உனக்குத் தெரியும்."

இதைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. எக்கார்ட் தொலைபேசியை வைத்துவிட்டார். வெட்கமாகத்தான் இருந்தது.

"அப்ப இந்தப் பெட்டியை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

"எனக்கென்ன தெரியும்? உள்ள ஒரு ரயில் நிலையம் இருக்குன்னு நீதான் சொன்ன."

மறுநாள் காலை அவர் டேப்பை அறுத்தார். அறுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். ரோஸ்விதா பக்கத்திலேயே நின்று பஞ்சு எடுத்துக் கொடுக்கிறவள் போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

நிலவறையில் வெளிச்சம் போதாது என்று வேலை சமையலறை மேஜைக்கு வந்தது. முதல் இரண்டு நாள் நரகம். இடுக்கியில் பிடித்த ஜன்னல் சட்டம் சுவரில் தவிர மற்ற எல்லா இடத்திலும் ஒட்டியது. ஒன்று அவர் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது. மூன்றாம் நாள் இடுக்கியை வீசிவிட்டு எழுந்துபோனார். ரோஸ்விதா அதை எடுத்துத் துடைத்து அதே இடத்தில் வைத்தாள். நாலாம் நாள் அவர் வந்து உட்கார்ந்தபோது அவளும் எதிரே உட்கார்ந்தாள்.

"மூச்சை வெளிய விடு. முழுசா. விட்டு முடிச்சதும் ஒரு நொடி கை சும்மா இருக்கும். அப்ப வை."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க பெரிய டாக்டருக்கும் கடைசி ரெண்டு வருஷம் நடுங்குச்சு. நாங்க யாரும் பாக்காத மாதிரி இருந்தோம்."

எக்கார்ட் மூச்சை விட்டார். ஜன்னல் உட்கார்ந்தது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையை அவள் எட்டு வருஷமாகப் பார்த்திருக்கவில்லை.

அதற்கப்புறம் ஒன்பது வாரம் அந்த வீட்டில் யாரும் விலை பேசவில்லை. மதியச் சாப்பாடு தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான், மேஜையில் இடமில்லை. கூரைக்கு அவர் சாம்பல் பூசினார், கழுவினார், மறுபடி பூசினார். மழை பட்ட ஓடு அப்படித்தான் இருக்குமாம். வேலி ஒட்டுவதற்கு மட்டும் நாலு நாள் ஆயிற்று. அவர் கட்டையைப் பிடிக்க, அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் லிண்டன்தால் பொட்டலில் போய் உட்கார்ந்தது. ஜன்னலில் மஞ்சள் விளக்கு. ரயில் வந்தது, நின்றது. எக்கார்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது, பசை நெடி என்றார்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் பிப்ரவரி வந்தது, கம்பெனியின் புதுப் பட்டியலும் வந்தது. எக்கார்ட் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கடைசியிலிருந்து முதல் வரையும் பார்த்தார். லிண்டன்தால் இல்லை. அச்சும் இல்லை, முப்பத்தைந்து யூரோவும் இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு நேரே ஹார்ட்முட் வீட்டுக்கு நடந்தார்.

"எங்கடா உன் லிண்டன்தால்?"

"அது வந்து... வித்துட்டேன்."

"யாருக்கு?"

"காஸல் பல் டாக்டருக்கு."

"எவ்வளவுக்கு?"

ஹார்ட்முட் கூரையைப் பார்த்தார். "அறுநூத்திநாப்பது."

"அடப்பாவி. கம்பெனிக்குள்ள ஆளு இருக்குன்னியே."

"என்மேல பாயாத. எனக்கு இவ்வளவு மூளை ஏது? அக்டோபர் கூட்டத்துக்கு ரெண்டு நாள் முந்தி உன் வீட்டுக்காரிதான் பிளம் கேக்கோட வந்தா. இந்தப் பக்கம் பிரிக்காதது ரெண்டே ரெண்டு இருக்கு, ஒண்ணு பிரிஞ்சிட்டா மிச்சம் ஒண்ணு என்ன விலைக்குப் போகும் ஹார்ட்முட்னு கேட்டா. நான் ரெண்டாவது துண்டு கேக்கு சாப்பிடும்போதுதான் எனக்கே புரிஞ்சுது."

எக்கார்ட் அங்கே ஒன்றரை மணி நேரம் கத்தினார். ஹார்ட்முட்டின் மனைவி நடுவில் காபி கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி கத்தினார். தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தபோது ரோஸ்விதா சிவப்பு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்றவங்களைக் கண்டாலே ஆகாதுன்னியே."

"ஆகாதுதான். ரெண்டு மாசம் எனக்குக் கண்ணாடியே பாக்கப் பிடிக்கல."

"அறுநூத்திநாப்பது, ரோஸ்விதா."

"தெரியும். ஹார்ட்முட் சொன்னான்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். செப்டம்பர்லயே கேட்டேன். எப்ப ஒட்டப் போறன்னு." அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "இங்க பாரு. விலை அடுத்த வருஷம் இன்னும் ஏறும். உன் கை அடுத்த வருஷம் எப்படி இருக்கும்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெட்டி காத்திருக்கும்ப்பா. விரல் காத்திருக்காது. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் செஞ்சேன்."

எக்கார்ட் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நியாயம் அவள் பக்கம் என்று மனசு சொன்னது. ஆனால் அறுநூற்றுநாற்பது யூரோவை இழந்த மனிதரிடம் நியாயம் பேசி என்ன பயன்? மனிதர் கோட்டைக் கழற்றாமலே அடுத்த சபதத்தை எடுத்தார்.

"நல்லாக் கேட்டுக்கோ. இனிமே எவன் வந்து எதை மறுபடி போடுறாங்கன்னு சொன்னாலும் நம்ப மாட்டேன். மிச்சம் அறுபத்தொண்ணு இருக்கு. ஒரு டேப்பைக்கூட அறுக்க மாட்டேன். இது சத்தியம்."

"சரி. நீ அறுக்க வேணாம்."

"என்ன சரி?"

"சரின்னுதானே சொன்னேன்."

அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறவள் இல்லை அவள். ஒன்றரை மணி நேரம் வீட்டில் இல்லையே நாம் என்று நினைத்தபடியே படிகளில் இறங்கினார்.

அலமாரி அப்படியேதான் இருந்தது. தண்ணீர் ஆலை அதன் இடத்தில், தேவாலயம் அதன் இடத்தில். ஆலையைக் கையில் எடுத்தார். ஓரத்தில் டேப்பு நேர்கோட்டில், அட்டையில் ஒரு கீறல் படாமல் அறுபட்டு, வாயைத் திறந்துகொண்டிருந்தது. முப்பது வருஷ அறுவை அறைக் கை. தேவாலயத்தை எடுத்தார். மரப்பட்டறையை எடுத்தார். கீழ்த்தட்டுக்குக் குனிந்து ஒவ்வொன்றாக அவசர அவசரமாகப் புரட்ட ஆரம்பித்தார்.

மேலேயிருந்து, முட்டைக்கோஸ் நறுக்குகிற சத்தத்துக்கு நடுவே, ரோஸ்விதாவின் குரல் வந்தது.

"எக்கார்ட், ஒண்ணாவது விட்டுப்போயிருக்கும்னு தேடாத. ரெண்டு தடவை எண்ணிட்டேன்."